வெளுக்காத விரல்கள்



தொழிலால் வரும் நோய் என்றதும் நமக்கு முதலில் நுரையீரல்தான் நினைவுக்கு வருகிறது. கல்குவாரித் தூசும் பஞ்சாலைத் தூசும் கண்ணுக்குத் தெரிகின்றன. இருமல் காதில் விழுகிறது. நான் இன்று எடுத்துக்கொண்ட பொருளுக்கு அந்த வசதி கிடையாது. ஜாக்ஹாமர், பிரேக்கர், கிரைண்டர், வார்ப்படத்தைச் செதுக்கும் சிப்பிங் சுத்தி, மரம் அறுக்கும் செயின்சா என்று கையில் பிடித்து ஓட்டும் கருவிகள் எதிரே இருக்கும் பொருளை உடைப்பதோடு நிற்பதில்லை. பிடித்திருக்கும் கையையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கெடுக்கின்றன. மருத்துவ உலகுக்கு இது நூறு ஆண்டுகளுக்கு மேலாகத் தெரிந்த சங்கதி. அப்படியிருந்தும் நம் ஆஸ்பத்திரிப் பதிவேடுகளில் இந்த நோய் ஏன் தலைகாட்டுவதே இல்லை? அதைத்தான் பேசப்போகிறேன்.

அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் பெட்ஃபோர்டு என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. சுண்ணாம்புக்கல்லுக்குப் பேர்போன வட்டாரம். நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டடம் பின்னாளில் உடுத்திக்கொண்டது இண்டியானாக் கல்லைத்தான். அழுத்தக் காற்றில் ஓடும் சுத்தி அங்கே வந்த பிறகு கல்தச்சர்கள் கையைப் பற்றிப் புகார் சொல்லத் தொடங்கினார்கள். 1918 குளிர்காலத்தில் ஆலிஸ் ஹாமில்டன் என்ற மருத்துவர் விசாரிக்கப் போனார். ஈயம், பாஸ்பரஸ் என்று தொழிற்சாலை நஞ்சுகளைத் துரத்திக்கொண்டிருந்தவர். அடுத்த ஆண்டே ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் முதல் பெண் ஆசிரியரானார்.

அவர் பார்த்ததைக் கவனமாகச் சொல்ல வேண்டும். கல்தச்சனின் வலக்கையில் சுத்தி, இடக்கையில் உளி. சுத்தி நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான முறை அடிக்கிறது. அந்த அடி அத்தனையும் உளி வழியாக இறங்கும்போது, அதைச் சுற்றி இறுகியிருக்கும் இடக்கையின் சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல் மூன்றும் வாங்கிக்கொள்கின்றன. குளிர்ந்த காலையில் அந்த விரல்கள் திடீரென்று ரத்தம் வற்றி வெளுக்கின்றன. வெளுப்பு எங்கே முடிகிறது என்பதற்குக் கோடு கிழித்தாற்போல் எல்லை தெரிகிறது. தொட்டால் உணர்வில்லை. கையை உதறி, தேய்த்து, சூடேற்றினால் ரத்தம் திரும்புகிறது, திரும்பும்போது வலி. கருவியை எப்படிப் பிடிக்கிறார்களோ அந்தப் பிடியின் அச்சாகவே நோய் இருந்தது. காரணத்தை இதைவிடத் தெளிவாக ஓர் உடம்பு எழுதிக் காட்ட முடியாது. அதிர்வு, இறுகிய பிடி, குளிர் மூன்றும் சேர்ந்த வினை என்று ஹாமில்டன் எழுதினார். அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரப் பணியகம் அதை அதே ஆண்டில் அறிக்கையாக வெளியிட்டது.

அவருக்கும் முன்னோடிகள் உண்டு. குளிரில் விரல் வெளுக்கும் நோயை 1862இல் பாரிசில் தம் ஆய்வேட்டில் விவரித்தவர் மோரிஸ் ரேனோ. அவர் கருவிகளைப் பற்றி யோசிக்கவில்லை. 1911இல் இத்தாலியின் ஜோவன்னி லோரிகா காற்றுச் சுத்தி பிடிக்கும் தொழிலாளர்களிடம் அதே வெளுப்பைக் கண்டு எழுதினார். ஆக, முதல் உலகப்போருக்கு முன்பே விஷயம் அச்சில் வந்துவிட்டது.

ஹாமில்டன் போய் அறுபது ஆண்டுகள் கழித்து, 1978இல், வேறொரு ஆய்வுக் குழு அதே பெட்ஃபோர்டுக்குப் போனது. கல்தச்சர்களில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பேருக்கு விரல் வெளுப்பு இருந்தது. ஹாமில்டன் கண்ட விகிதத்துக்கு அருகில்தான். அறுபது ஆண்டுகளில் அமெரிக்கா நிலாவுக்குப் போய்த் திரும்பிவிட்டது. பெட்ஃபோர்டின் சுத்தி மட்டும் பெரிதாக மாறவில்லை. ஒரு நோயைக் கண்டுபிடிப்பது வேறு, நிறுத்துவது வேறு என்பதற்கு மாணவர்களுக்கு நான் வழக்கமாகக் காட்டும் ஊர் இது. இன்னொரு வேடிக்கை: இத்தனை ஆய்வும் நடந்த அந்த நாட்டின் தொழிற்பாதுகாப்பு நிர்வாகம், கை அதிர்வுக்கென்று கட்டாய வரம்பு எதையும் இன்றுவரை விதிக்கவில்லை.

பிரிட்டனின் கதை கொஞ்சம் நீளமானது. ஆனால் பணம் சம்பந்தப்பட்டதால் எல்லோருக்கும் சட்டென்று புரியும். தொழில்நோய்ப் பட்டியலில் வெள்ளை விரலைச் சேர்க்கலாமா என்று அங்கே அரசின் ஆலோசனைக் குழு 1954இலேயே ஆராய்ந்தது, வேண்டாம் என்றது. பெரும்பாலானவர்களுக்கு இது சிறு தொந்தரவுதான், நோயை உறுதிசெய்யத் தகுந்த சோதனையும் இல்லை என்பது வாதம். பிறகும் சில முறை கேள்வி எழுந்தது, தள்ளிப்போனது. 1985இல்தான் பட்டியலில் ஏறியது. இடையில் நிலக்கரிச் சுரங்கத்தில் பாறைத் துளைப்பான் பிடித்தவர்களின் கைகள் போய்க்கொண்டிருந்தன. 1990களில் அவர்கள் நீதிமன்றம் போனார்கள். 1970களிலேயே நிர்வாகத்துக்கு ஆபத்து தெரிந்திருக்க வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. 1998இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதையே சொன்னது. அதைத் தொடர்ந்து அரசு அமைத்த இழப்பீட்டுத் திட்டத்துக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள் வந்தன; கொடுத்த தொகை நூறு கோடி பவுண்டைத் தாண்டியது. சிறு தொந்தரவு என்று ஒதுக்கியதன் விலை அது. அந்தப் பணத்தில் ஒரு பகுதிக்கு நல்ல துளைப்பான்கள் வாங்கியிருக்கலாமே என்று ஒரு கணக்குப்பிள்ளைகூடச் சொல்லியிருப்பார்.

இனி, உடம்புக்குள் நடப்பதற்கு வருகிறேன். இன்றைய பேச்சின் மையம் இதுதான் என்பதால் கொஞ்சம் நின்று பார்ப்போம். அதிர்வு ஒரே சமயத்தில் இரண்டு இடங்களைத் தாக்குகிறது. ஒன்று ரத்தக்குழாய். விரலுக்குப் போகும் சிறு தமனிகளின் உள்படலம் சேதமடைகிறது. அவற்றைச் சுருக்கி விரிக்கும் நரம்புக் கட்டுப்பாடு கெடுகிறது. லேசான குளிருக்கே தமனி இறுக மூடிக்கொள்கிறது. விரல் வெளுப்பது அதனால்தான். மற்றொன்று தொடு உணர்வைக் கடத்தும் நரம்பு. விரல் நுனியில் அதிர்வை உணர்வதற்கென்றே சில ஏற்பிகள் உள்ளன. தினமும் மணிக்கணக்கில் அதிர்வு வாங்கும் கையில் அவையும் மங்குகின்றன; நரம்பிழைகளின் உறையும் சிதைகிறது. முதலில் வேலை முடிந்த பின் அரை மணி நேரம் கை விறுவிறுவென்று இருக்கும். பிறகு ராத்திரித் தூக்கத்தில் மரத்துப்போய் எழுப்பிவிடும். அதற்கப்புறம் மதமதப்பு போகாமலே நின்றுவிடும்.

இரண்டுக்கும் ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு. கருவியை விட்டுவிட்டால் வெளுப்பு சிலருக்குக் குறையும், அதுவும் தொடக்க நிலையில், புகை பிடிக்காதவர்களுக்கு. போன நரம்புணர்வு பெரும்பாலும் போனதுதான். மருத்துவர்களும் இதைக் கொஞ்சம் தாமதமாகவே ஒப்புக்கொண்டார்கள். பழைய அளவுகோல் ஒன்று எல்லாவற்றையும் கலந்து, வெளுப்பை முன்னிறுத்தி நோயின் கட்டங்களைப் பிரித்தது. 1986இல் ஸ்டாக்ஹோமில் கூடிய நிபுணர்கள் ரத்தக்குழாய்க்கு ஓர் அளவுகோல், நரம்புக்கு வேறோர் அளவுகோல் என்று பிரித்தார்கள். விரல் ஒருமுறைகூட வெளுக்காத ஒருவரும் நோயாளியாக இருக்கலாம் என்று அதன்மூலம் எழுத்தில் வந்தது.

நம் நாட்டுக்கு இது எவ்வளவு பெரிய செய்தி என்று பாருங்கள். பெட்ஃபோர்டில் ஜனவரிக் காலை உறைபனியில் விடிகிறது. நம் குவாரியில் மார்கழிக் காலையே இருபது டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். சித்திரையில் கேட்கவே வேண்டாம். வெளுப்பைத் தூண்டும் குளிர் இங்கே அனேகமாக இல்லை. மலேசியாவில் கட்டுமானத் தொழிலாளர்களைப் பரிசோதித்து 2011இல் வெளியான ஆய்வு ஒன்று உண்டு. அதில் வெள்ளை விரல் தென்படவில்லை. விரல் கூச்சம், மரத்துப்போதல், தொடு உணர்வுக் குறைவு ஆகியவை அதிர்வு வாங்கியவர்களிடம் தெளிவாகவே இருந்தன. வெப்ப நாட்டில் நோயின் அடையாளச் சீட்டு கிழிந்துவிடுகிறது, நோய் அப்படியே இருக்கிறது. குளிர்நாட்டுப் பாடப்புத்தகத்தைப் படித்துவிட்டு வெளுப்பைத் தேடும் மருத்துவர், வெளுப்பு இல்லை, ஆகவே நோய் இல்லை என்று முடித்துவிடுவார்.

முடிப்பதற்கு அவரிடம் வேறு விளக்கங்களும் தயாராக இருக்கும். கை மரத்துப்போகுதுங்க என்று ஐம்பது வயதுக்காரர் வந்து நின்றால் முதல் கேள்வி, சுகர் இருக்கா? இருந்தால் கதை அங்கேயே முடிந்தது. இல்லையென்றால் கழுத்தெலும்புத் தேய்மானம். அதுவும் இல்லையென்றால் ஒரு பட்டை பி காம்ப்ளெக்ஸ். இந்தக் காரணங்கள் பொய் என்று நான் சொல்லவில்லை. சர்க்கரையும் நரம்பைக் கெடுக்கும், கழுத்தும் கெடுக்கும், மணிக்கட்டில் நரம்பு நசுங்குவதும் அதிர்வுக் கருவி பிடிப்பவர்களுக்கு அதிகம். ஆனால் நோயாளியிடம் என்ன வேலை செய்கிறாய் என்று கேள் என 1700இலேயே இத்தாலிய மருத்துவர் ரமாசினி சக மருத்துவர்களுக்கு எழுதிவைத்தார். முந்நூறு ஆண்டு கழிந்தும் நம் வெளிநோயாளிச் சீட்டில் வயதும் பாலினமும் எழுத இடம் இருக்கிறது, கருவி எது என்று எழுத இடம் இல்லை.

சட்டமும் இதே கண்ணோட்டத்தில்தான் இருக்கிறது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோய்கள் 29 இருந்தன. ஈய நஞ்சு, சிலிக்கோசிஸ், இரைச்சலால் செவித்திறன் இழப்பு எல்லாம் உண்டு. அதிர்வு இல்லை. 2020இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய புதிய தொழிற்பாதுகாப்புச் சட்டத்தொகுப்பும் பட்டியலை அப்படியே எடுத்துக்கொண்டது. ஒரே ஜாக்ஹாமர் காதைக் கெடுத்தால் அறிவிக்கலாம். கையைக் கெடுத்தால் அறிவிக்க இடமில்லை. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் பட்டியலில் அதிர்வால் வரும் நோய் தனி வரியாகவே இருக்கிறது. அதைப் பார்த்து எழுதிக்கொள்ள யாருக்கும் தனி ஞானம் தேவையில்லை.

யார் கைகள் இவை? மேற்கு மாவட்டங்களில் கிணறு வெட்டும்போது பாறையில் வெடி வைக்கத் தமர்க் குழி போடுபவரை எடுத்துக்கொள்ளுங்கள். கம்ப்ரசர் வண்டியிலிருந்து வரும் காற்றில் ஜாக்ஹாமர் ஓடுகிறது. அவர் அதைக் கையால் அழுத்துவதோடு காலாலும் மிதிக்கிறார். அதிர்வு பாதத்துக்கும் போகிறது. கோயம்புத்தூர் ஃபவுண்டரிகளில் வார்ப்படத்தின் பிசிறை எடுக்கும் ஃபெட்லிங் வேலையில் இன்று பெரும்பாலும் வடமாநில இளைஞர்கள். அங்கே கூலி பல இடங்களில் பீஸ் ரேட். இன்னும் நாலு பீஸ் முடித்தால் இன்னும் கொஞ்சம் காசு என்றால் டிரிகரிலிருந்து விரல் எப்படி எழும்? கை மரத்த பிறகு அவர் ஊருக்குப் போய்விடுவார். நோய் பீகாரிலோ ஒடிசாவிலோ ஒரு கிராமத்தில் வெளிப்படும். இங்கே கணக்கு சுத்தமாக இருக்கும்.

மாமல்லபுரத்துச் சிற்பக்கூடங்கள் வேறு வகை. உளியும் சுத்தியும் மட்டும் இருந்த இடத்தில் இப்போது கிரைண்டரின் சத்தம்தான் முதலில் வரவேற்கிறது. மாதக்கணக்கான வேலை வாரக்கணக்கில் முடிகிறது. பழைய உளிக்கே திரும்புங்கள் என்று அவர்களிடம் சொல்லும் யோக்கியதை எனக்கில்லை. உளி பிடித்த காலத்திலும் கைகள் வருந்தத்தான் செய்தன. ஆனால் வழவழப்பு சரியாக வந்ததா என்று சிற்பி விரல் நுனியால் தடவித்தான் முடிவு செய்கிறார். அந்த நுனி மங்கினால் அவர் இழப்பது சம்பளத்தை மட்டுமா? நான் பார்த்த தொழிலாளர்களில் பலர் வலியைப் பற்றிச் சொல்லி வரவில்லை. சட்டைப் பொத்தான் போட வரவில்லை, பையில் கிடக்கும் காசு ஒரு ரூபாயா இரண்டு ரூபாயா என்று பார்க்காமல் தெரியவில்லை, குழந்தைக்குக் காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டால் புரியவில்லை. இப்படித்தான் சொன்னார்கள்.

பொறியியல் மாணவர்கள் பலர் இருப்பதால் கொஞ்சம் கணக்கு. அதிர்வை அதன் முடுக்கத்தால் அளக்கிறோம். ஐரோப்பிய ஒன்றியம் 2002இல் பிறப்பித்த நெறிமுறைப்படி, எட்டு மணி நேர வேலைநாளுக்குச் சமன்செய்த சராசரி 2.5 மீ/வி² ஆகும்போது முதலாளி நடவடிக்கை எடுக்க வேண்டும். 5 மீ/வி²ஐத் தாண்டவே கூடாது. நேரத்தோடு முடுக்கத்தின் வர்க்கம் பெருக்கப்படுகிறது என்பதுதான் இதில் சூட்சுமம். அதிர்வு இரண்டு மடங்கானால் அனுமதித்த நேரம் கால்பங்காகிவிடும். 12 மீ/வி² அதிரும் ஒரு கான்கிரீட் பிரேக்கரை எடுத்துக்கொண்டால் இருபத்தொரு நிமிடத்தில் முதல் வரம்பு, எண்பத்துமூன்று நிமிடத்தில் உச்சவரம்பு. 20 மீ/வி² கருவி என்றால் உச்சவரம்புக்கு அரை மணி நேரம் போதும். டிரிகர் அழுந்தியிருக்கும் நேரம்தான் கணக்கு. டீ குடித்த நேரம் சேராது. இருந்தாலும் ஒரு முழுநாள் பிரேக்கர் வேலையில் எண்பத்துமூன்று நிமிடம் எவ்வளவு சீக்கிரம் கரையும் என்று சைட்டில் நின்ற யாருக்கும் தெரியும்.

இந்தக் கணக்கிலும் எனக்கொரு மனக்குறை உண்டு. சர்வதேசத் தரநிர்ணயம் வினாடிக்கு 8 முதல் 16 வரையிலான மெதுவான அதிர்வுகளுக்கு அதிக எடை கொடுக்கிறது. வேகம் கூடக்கூட எடையைக் குறைத்துக்கொண்டே போகிறது. நாலு அங்குல கிரைண்டர் நிமிடத்துக்கு 11,000 சுற்று சுற்றுகிறது, அதாவது வினாடிக்கு 180க்கு மேல். விரல் நுனி ஏற்பிகள் மிகக் கூர்மையாக உணர்வது அதற்குச் சற்று மேலான எல்லையில். விரலுக்கு நெருக்கமான அதிர்வைக் கணக்கு குறைத்துக் காட்டுகிறது என்று ஆய்வாளர்கள் பலர் நெடுநாளாகச் சொல்லிவருகிறார்கள். எனவே கிரைண்டரில் ஒரு நல்ல எண் வந்தால் அதை அரை மனதோடு நம்புங்கள்.

சரி, தீர்வு உண்டா என்றால், பின்லாந்தைச் சொல்வேன். செயின்சா பிடிக்கும் காட்டுத் தொழிலாளர்களை அங்கே 1972 முதல் 1990 வரை தொடர்ந்து பரிசோதித்தார்கள். தொடக்கத்தில் ரம்பங்களின் அதிர்வு 14 மீ/வி² அளவில் இருந்தது. கைப்பிடியை எஞ்சினிலிருந்து ரப்பராலும் ஸ்பிரிங்காலும் பிரித்து, எடையைக் குறைத்து, 2 மீ/வி² வரை இறக்கினார்கள். வெள்ளை விரல் 40 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. கை மரத்துப்போதல் 78இலிருந்து 28 சதவீதமானது. முன்சொன்ன கணக்கைப் போட்டுப் பாருங்கள்: பழைய ரம்பம் ஒரு மணி நேரத்தில் உச்சவரம்பை எட்டிவிடும், புதியது எட்டு மணி நேரம் அறுத்தாலும் முதல் வரம்பைத் தொடாது. அந்தப் பதினெட்டு ஆண்டுகளில் பின்லாந்தின் குளிர் குறைந்துவிடவில்லை, தொழிலாளர்களின் கையும் மாறிவிடவில்லை. மாறியது ரம்பம். ஜப்பானில் 1970ஐ ஒட்டி அரசுக் காடுகளில் செயின்சா நாளுக்கு இரண்டு மணி நேரம்தான் என்று வரம்பு வந்தது. அதுவும் பலன் தந்தது, ஆனால் சங்கம் வலுவாக இருந்த இடத்தில். மரத்துப்போதல் பின்லாந்திலும் 28 சதவீதத்தில் நின்றுவிட்டதைக் கவனியுங்கள். நரம்பு மெதுவாகத்தான் மன்னிக்கிறது, பலருக்கு மன்னிப்பதே இல்லை.

கையுறை போதாதா என்று கேட்பார்கள். பாதுகாப்பு அதிகாரிகளுக்குக் கையுறை மீது தனிப் பிரியம், விலை குறைவு, போட்டோவிலும் தெரியும். வினாடிக்கு இருபது முப்பது அடி அடிக்கும் பிரேக்கரின் அதிர்வை அது ஏறக்குறைய அப்படியே கடத்திவிடும். தடித்த கையுறை போட்டவர் இன்னும் இறுக்கிப் பிடிப்பார்; பிடி இறுகினால் அதிர்வு கூடுதலாக ஏறும். குளிர்நாட்டில் கையைச் சூடாக வைக்க அது உதவும். நமக்கு அந்தப் பயனும் இல்லை.

இங்கே உண்மையில் கைகளைக் காப்பாற்றியவை சில உண்டு. கிரானைட் குவாரிகளில் வைரக்கம்பி ரம்பம் வந்தது. பாறை உடைக்கப் பொக்லைனில் மாட்டிய பிரேக்கர் வந்தது. இரண்டையும் வாங்கியவர்கள் கையை நினைத்து வாங்கவில்லை, காசை நினைத்து வாங்கினார்கள். அதனால் என்ன, கை தப்பியது. சிறிய வேலைகளில் இன்னும் எளியவை இருக்கின்றன. மழுங்கிய பிட்டை நேரத்துக்குத் தீட்டுவது, தேய்ந்த பேரிங்கை மாற்றுவது, சமநிலை குலைந்த கிரைண்டர் வீலைத் தூக்கி எறிவது. பராமரிப்பில்லாத கருவி புதியதைவிடப் பலமாக அதிரும், வேலையும் மெதுவாக நடக்கும். பீஸ் ரேட் ஆளிடம் இதைச் சொல்லிப் பயனில்லை. பிட் வாங்கித் தருபவரிடம் சொல்ல வேண்டும்.

ஐரோப்பாவில் விற்கும் கைக்கருவி ஒவ்வொன்றின் கையேட்டிலும் அதன் அதிர்வு அளவைத் தயாரிப்பாளர் அச்சிட்டே ஆக வேண்டும், 2.5 மீ/வி²க்குக் குறைவாக இருந்தால் அதையும் சொல்ல வேண்டும். அதே நிறுவனங்களின் கருவிகள் நம் கடைகளிலும் கிடைக்கின்றன. கையேடு பெட்டியோடு குப்பைக்குப் போகிறது. இந்த அரங்கில் இருக்கும் மாணவர்களில் சிலர் இன்னும் ஐந்தாறு ஆண்டில் கொள்முதல் படிவத்தில் கையெழுத்துப் போடுவீர்கள். விலை, வாட், உத்தரவாதம் என்று மூன்று கட்டங்கள் அதில் இருக்கும். நான்காவதாக அதிர்வு என்று ஒரு கட்டம் சேர்க்க எந்தச் சட்டத் திருத்தமும் தேவையில்லை.

கையேட்டு எண் ஆய்வகத்தில் எடுத்தது; பட்டறையில் அதைவிடக் கூடுதலாக இருப்பதே வழக்கம். ஆகவே நேரில் அளக்க வேண்டும். பொறியியல் கல்லூரி என்றால் முடுக்கமானியும் பதிவுக் கருவியும் வைத்த ஆய்வகம் எங்காவது ஓரிடத்தில் இருக்கும். பெரும்பாலும் தேர்வு நாட்களில் மட்டும் திறக்கும். பக்கத்து ஃபெட்லிங் கூடங்களிலும் கிணற்று வேலைகளிலும் கைப்பிடியில் முடுக்கமானியை ஒட்டி, டிரிகர் நேரத்தையும் குறித்துக்கொண்டு வந்தால் ஓராண்டு இறுதித் திட்டப்பணிக்குத் தாராளமாகப் போதும். கூடவே ஒரு நைலான் இழையை விரல் நுனியில் தொட்டு உணர்வைச் சோதிக்கும் எளிய முறையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதைக் கற்றுக்கொடுக்க ஒரு பிற்பகல் போதும். துறைத்தலைவர் அனுமதித்தால் நானே வந்து கற்றுத்தருகிறேன். கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.